பின்னேரக் கோச்சி

"உங்கட வீட்டில ஒருத்தருக்கும் மணி பார்க்கத் தெரியாதோ, பிள்ளை?" என்று பிரியந்தினி டீச்சர் ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நல்ல விதமாகத்தான் கேட்டார். டீச்சர் எதையும் நல்ல விதமாகத்தான் கேட்பார்.

நீதானா, ஏன் செய்தாய் என்று நீங்கள் போன கிழமை என்னிடம் கேட்டதற்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது. ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது என்பதைக் கண்டு இந்தக் கொப்பியைத் தந்தீர்கள். நன்றி. எண்பது பக்கம் இருக்கிறது, அவ்வளவும் தேவைப்படாது. இதற்கு முன் ஏழு கொப்பிகள் எழுதியிருக்கிறேன். அவற்றை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒருவர் கொப்பி வாங்கித் தந்து எழுது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நன்னடத்தை உத்தியோகத்தர்கள் எல்லோரும் உங்களைப் போலப் பொறுமையானவர்களா என்று எனக்குத் தெரியாது.

மணி பார்க்க எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. அம்மாவின் பெயர் கமலாட்சி. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அம்மா கச்சான் கடலை பிடுங்கவும் வயலில் களை எடுக்கவும் கூலிக்குப் போவார். அப்பா புளியங்குளத்தில் மர ஆலையில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவார். எங்கள் வீடு ரயில் தண்டவாளத்தில் இருந்து ஒரு வயல் தூரம். எத்தனை கோச்சி ஓடினாலும் அம்மாவின் கணக்கில் ஒரு நாளைக்கு இரண்டுதான். காலைக் கோச்சிக்கு அடுப்பு மூட்டுவார். பின்னேரக் கோச்சிக்கு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வருவார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் தம்பி பிறந்தான். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். பையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது என்று தாதி கேட்டார்.

"கோச்சி போறப்பங்க, மிஸ்" என்றார் அம்மா.

"காலமைக் கோச்சியோ?"

அம்மாவுக்கு அந்த நேரம் பிரசவ நோ. தலையை ஆட்டினார். நோ பிடித்த பெண் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். தாதி காலை ஆறு ஐம்பது என்று எழுதினார். உண்மையில் அது முதல்நாள் பின்னேரக் கோச்சி. தம்பி மத்தியானம் பிறந்தான், மறுநாள் வீட்டுக்கு வந்தான், நாலாம் நாள் பால் குடிக்காமல் குளிர்ந்து போனான், ஆறாம் நாள் இல்லை.

பிறகு விமலேஸ்வரி மிஸ் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் பகுதி மருத்துவமாது. பிறந்த பிள்ளை இறந்தால் வீட்டுக்கு வந்து ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். என்னைத் தேநீர் போடச் சொன்னார்கள். நான் குசினியில் நின்று கேட்டேன்.

"உனக்குக் காலமை எண்டு ஆர் சொல்லச் சொன்னது, கமலாட்சி?"

"நான் காலைன்னு சொல்லலீங்க. கோச்சின்னு தாங்க சொன்னேன்."

"எந்தக் கோச்சியெண்டு சொல்லியிருந்தா இண்டைக்குப் பிள்ளை இருந்திருக்கும், அம்மா."

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார். அதன் பிறகு அம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். குடம் உடைந்து பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் தாயிடம் இருந்து பிள்ளைக்குக் கிருமி ஏறலாம். தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். சலத்தில், அதாவது சிறுநீரில், கிருமி இருந்து மருந்து எடுக்காமல் விட்டாலும் அப்படித்தான். இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் பிள்ளையை மறித்து வைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே மருந்து ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வடிவாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் தம்பியைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது அவன் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்த்திருந்தார்கள். உடம்பில் கிருமி வேலை செய்தால் அந்த எண் ஏறும். ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும். தம்பிக்கு அறுபத்தொன்று. இதையெல்லாம் நான் அன்றைக்கே முதலாம் கொப்பியில் எழுதிவைத்தேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி. எழுத்தும் வடிவு.

ஊரில் கதை பரவ நாள் எடுக்கவில்லை. மணி கேட்டதற்குக் கோச்சியைச் சொல்லிப் பிள்ளையைக் கொன்றவள். கடையில் சொன்னார்கள், களை எடுக்கும் வரம்பில் சொன்னார்கள். படித்த வீட்டில் இப்படி நடக்காது என்றும் சொன்னார்கள். அம்மா தலையைக் குனிந்து களை எடுத்தார்.

சாவுத் துடக்குக் கழிந்து நான் பள்ளிக்கூடம் போன அன்றுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார். சுகாதாரப் பாடம். தாய் சேய் நலம் என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டார். வகுப்புச் சிரித்தது. பின் வாங்கில் இருந்த நிருஷன் கோச்சி கூவுவதைப் போலக் கூவினான். அடுத்த நாள் தொடக்கம் என் பெயர் தர்மிளா இல்லை, கோச்சி. இடைவேளைக்கு நான் வகுப்பை விட்டு வெளியே வந்தால், "கேற்றைப் பூட்டடா, கோச்சி வருது" என்பார்கள். வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டேன்.

டீச்சர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவருக்கு மனம் கேட்கவில்லையாம். வரும்போது ஒரு சுவர் மணிக்கூடு கொண்டு வந்தார். வெள்ளை முகம், செக்கனுக்குச் சிவப்பு முள். "வீட்டில ஒண்டு கிடக்கட்டும்" என்றார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். மணி பார்க்க மட்டும் கடைசிவரை பழகவில்லை. கூட்டும்போது அதையும் துடைப்பார்.

இரண்டு வருடம் கழித்து டீச்சர் பிள்ளைத்தாய்ச்சி ஆனார். அவருடைய புருஷன் சுதாகரன் அண்ணாவுக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். மாமியார் யாழ்ப்பாணத்தில் கால் முறிந்து படுக்கையில். வீட்டு வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "பள்ளிக்கூடம்தான் வரேல்லை, என்ர வீட்டையாவது வாவன்" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன்.

நான் அங்கே போனது இதைச் செய்வதற்காக இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். டீச்சர் எனக்கு நல்ல சாப்பாடு தந்தார். தனியாக ஒரு அறை தந்தார். தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "என்னைப் பார் தர்மிளா, வத்தகப்பழம் ஏத்தின லொறி மாதிரி" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் வேறு மாதிரி.

முதலில் வந்தது சலப் பரிசோதனை. எட்டாம் மாதம். முடிவை எடுத்துவர என்னை அனுப்பினார். அதைத் தந்தவர், "கிருமி இருக்கு, டொக்டரிட்டக் காட்டச் சொல்லும், குளிசை எடுக்கோணும்" என்றார். நான் பஸ்ஸில் இருந்து அந்தத் தாளைப் பார்த்தேன். சிவப்புப் பேனையால் ஒரு கோடு. விமலேஸ்வரி மிஸ் சொன்ன மூன்றில் ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். படித்த வீட்டில் இப்படி நடக்காது என்று ஊர் சொன்னது உண்மையா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். உண்மை இல்லை என்றால் அம்மா தலை நிமிர்ந்து நடக்கலாம்.

"என்னவாம்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்டும் இல்லையாம், டீச்சர். தாள் பிறகு தருவினமாம்."

"அப்பாடா" என்றார். தாளை ஐந்தாம் கொப்பிக்குள் வைத்தேன். பிறகு டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த கிளினிக்குக்கு முதலே நோ வந்துவிட்டது.

அது ஒரு புதன்கிழமை. நாள் குறித்ததற்கு இரண்டு கிழமை முந்தி. பின்னேரம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அறைக்குள் இருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திப்போட்டு வா. சீலை நனைஞ்சிட்டுது. இது சலமோ, குடத்துத் தண்ணியோ விளங்கேல்லை. உன்ர அம்மாவுக்கு எப்பிடி இருந்தது? சுகாதார டீச்சர் நான், உன்னட்டக் கேக்கிறன். வெளியில சொல்லிப்போடாத."

கொஞ்சமாகத்தான் நனைந்திருந்தது. அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான். மணத்திலேயே தெரியும், அது சலம் இல்லை. பின்னேரக் கோச்சி அப்போதுதான் போனது. சுவரில் மணி நாலு நாற்பது.

"இது சலந்தான், டீச்சர். தண்ணியெண்டா ஊத்தும்."

"மிட்வைஃப் மிஸ்ஸுக்கு எடுத்துக் கேப்பமோ?"

நான் மாற்றுச் சீலை எடுத்துக் கொடுத்தேன். டீச்சரே போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "சலத்துக்குப் போன் எடுத்தனான் எண்டா அவா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா" என்றார். படித்தவர்களுக்கு, தெரியாது என்று சொல்ல வெட்கம். என் வெட்கம் வேறு, அவர்களுடைய வெட்கம் வேறு. ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று அன்று விளங்கியது.

இருட்டிய பிறகு அவருக்கு உடம்பு சுட்டது. இரண்டு பனடோல் கொடுத்தேன். காலையில் குளிர்ந்திருந்தது. காலைக் கோச்சி போன நேரம் தண்ணீர் ஊற்றி, நோவும் பிடித்தது. ஓட்டோவில் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார். முன்பு அம்மாவைக் கேட்டவர் இல்லை, வேறு ஆள். டீச்சர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "இவளைக் கேளுங்கோ மிஸ், இவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

"தண்ணி எப்ப உடைஞ்சது?"

"காலமைக் கோச்சி போகேக்க, மிஸ்."

தாதி சிரித்தார். "டீச்சர் வீட்டிலயும் கோச்சியோ மணிக்கூடு?" ஆறு ஐம்பது என்று எழுதினார். "காய்ச்சல் இருந்ததோ?"

"இல்லை, மிஸ்."

"சலத்தில கிருமி எண்டு ஏதும் சொன்னவையோ?"

"இல்லை, மிஸ்."

என் வாழ்க்கையில் ஆட்கள் முன்னால் நிமிர்ந்து நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொன்னது அன்றுதான். குரல் நடுங்கவில்லை. முதல் பதில் பொய் என்றும் சொல்ல முடியாது. காலையில் ஊற்றியது உண்மைதானே.

பிள்ளை மத்தியானம் ஒன்று பத்துக்குப் பிறந்தது. பெண். நாலு நாற்பதில் இருந்து கணக்குப் பார்த்தால் இருபது மணித்தியாலமும் முப்பது நிமிடமும். ஆறு ஐம்பதில் இருந்து பார்த்தால் ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும். அட்டையில் இருந்தது இரண்டாவது. ஆகவே ஒருவரும் பிள்ளையை மறிக்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை. மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சுதாகரன் அண்ணா கற்கண்டு கொடுத்தார். ஞாயிறு பின்னேரம் வேலைக்குத் திரும்பிப் போனார்.

அன்றைக்கே பிள்ளை பாலைப் பிடிக்காமல் விட்டது. நான் ஐந்தாம் கொப்பியில் நேரம் போட்டு எழுதினேன். பத்து மணி, பத்து நிமிடம் குடித்தது. ஒரு மணி, நாலு நிமிடம். மூன்றரை, வாய் வைக்கவில்லை. மூச்சையும் எண்ணினேன். டீச்சர் வீட்டு மணிக்கூட்டிலும் செக்கனுக்குச் சிவப்பு முள். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் போனால் கூடாது என்று விமலேஸ்வரி மிஸ் சொன்னது ஞாபகம். அறுபத்தெட்டு. பிறகு எழுபத்துநாலு. மணி பார்க்கத் தெரியாத வீட்டுப் பிள்ளை எண்ணினேன், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"ஏன் இவள் எந்த நேரமும் நித்திரை?" என்று டீச்சர் கேட்டார்.

"அடக்கமான பிள்ளை, டீச்சர்."

"அப்ப உன்னை மாதிரித்தான். வாயே திறக்க மாட்டாள்." பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "என்னடி, தர்மிளா அக்காவைப் பார்த்தோ பழகினனீ?"

தம்பியும் அடக்கமாகத்தான் இருந்தான்.

திங்கட்கிழமை காலையில் விமலேஸ்வரி மிஸ் பிள்ளை பார்க்க வந்தார். காலைத் தொட்டார். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார். பையைத் திறக்காமலே அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார். அன்று சி.ஆர்.பி. எண்பத்துநாலு. அடுத்த நாள் நூற்று நாற்பத்திரண்டு. கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்கள் முடிந்துகொண்டு போகின்றன என்று டொக்டர் டீச்சருக்குச் சொன்னார். நான் பால் எடுக்கும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடம் முந்தியே உடைந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று அவரும் கேட்டார்.

"தண்ணி காலமைதான் ஊத்தினது, டொக்டர். காய்ச்சல் எண்டு சொல்லிறதுக்கு இல்லை, சாதுவான சூடு. சலமும் நல்லமெண்டு சொன்னவை" என்றார் டீச்சர்.

அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை.

பிள்ளை புதன்கிழமை பின்னேரம் இறந்தது. எங்களுக்கு அறுபத்தொன்று, அவர்களுக்கு நூற்று நாற்பத்திரண்டு. எண்ணிலும் அவர்கள்தான் முன்னுக்கு.

இரண்டு கிழமையால் விமலேஸ்வரி மிஸ் அதே படிவத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் கதிரையில் இருந்தார். நெஞ்சில் பால் கட்டி சட்டை நனைந்திருந்தது. "நான் எதில பிழை விட்டன், மிஸ்? எல்லாம் ஒழுங்காத்தானே செய்தனான்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் தேநீர்த் தட்டோடு வந்தேன்.

"நேரம் ஆர் சொன்னது?" என்றார் மிஸ்.

"இவள்தான்."

"என்னெண்டு சொன்னனீ, பிள்ளை?"

"காலமைக் கோச்சி போகேக்க எண்டு."

மிஸ்ஸின் பேனை நின்றது. என்னையே பார்த்தார். அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். அறைக்குப் போய் ஐந்தாம் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது நான்தான். உள்ளே அந்தத் தாளும் இருந்தது. ஊருக்குத் தெரியாவிட்டால் செய்ததில் பிரயோசனம் இல்லை. அம்மாவுக்கு நடந்தது எவருக்கும் நடக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

டீச்சர் முழுவதையும் வாசித்தார். வாசித்து முடிய, ஏன் என்று கேட்டார். அவர் வகுப்பில் கேட்ட கேள்வியைச் சொன்னேன்.

"அப்பிடிக் கேட்டனானோ? எப்ப?"

டீச்சருக்கு அது ஞாபகம் இல்லை. உண்மையாகவே இல்லை. அந்த ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஆகவே, ஆம். சலத் தாளை ஒளித்தது நான். சலம் என்று சொல்லி மறித்தது நான். நேரத்தை மாற்றியது நான். காய்ச்சலை இல்லை என்றது நான். பிள்ளை மூச்சிழுக்கும்போது பக்கத்தில் இருந்து எண்ணியது நான். அது சாகும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவையும் அம்மாவுக்காகச் செய்தேன்.

மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள். ஆனாலும் ஒழுங்காக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று அம்மா என்னைப் பார்க்க இந்தத் தடுப்பு இல்லத்துக்கு வந்தார். நீங்கள் சன்னலடி மேசையில் இருந்தீர்கள். என் ஏழு கொப்பிகளும் உங்கள் முன்னால் அடுக்கியிருந்தன. அம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு வந்திருந்தார். மடியில் வைத்துத் துணி முடிச்சை அவிழ்த்தார்.

"அந்தப் பச்சப்புள்ள ஒனக்கு என்னாடி செஞ்சிச்சி?"

"ஒங்களுக்காகத்தான் செஞ்சேன், அம்மா. இனி ஒங்கள ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. படிச்சவங்க வீட்டுலயும் நடந்திருச்சி."

அம்மா ஒரு ரொட்டியை எடுத்தபடி அப்படியே இருந்தார். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்க வைக்க வேண்டும் என்று, உங்களிடம் கேட்டு முதலாம் கொப்பியை வாங்கினேன். அம்மா சொன்னது சரி, பிழை அவருடையது இல்லை என்று நான் அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறேன் என்று காட்டத்தான். வாசித்தேன்.

"பின்னேரக் கோச்சி. நாலு நாற்பது. நான் போனில் மணி பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா தலையாட்டினார். தாதிக்குச் சந்தேகம். என்னைத் திரும்பிப் பார்த்து, காலமைக் கோச்சிதானே பிள்ளை என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதினார்."

"திரும்பப் படி" என்றார் அம்மா.

திரும்ப வாசித்தேன். தாதி ஒருமுறைதான் கேட்டார் என்றும் சொன்னேன். இன்னொருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மா கையில் இருந்த ரொட்டியை மற்ற ரொட்டிகளின் மேல் வைத்தார். துணியின் நாலு மூலையையும் இழுத்து முடிந்தார். முடிச்சை இறுக்கினார். பொதியைத் தன் பைக்குள் வைத்தார். எழுந்து சீலையைச் சரிசெய்தார். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் தாண்டிப் போனார்.

சுவரில் மணி பதினொன்று இருபத்தைந்து. எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் பதினொன்றரைக்கு. அதைத் தவறவிடக் கூடாது என்றுதான் அவசரப்பட்டிருப்பார்.